கம்பிக்கு ஒரு நாற்காலி

கூட்டத்துக்கு யார் யார் வந்திருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

மேசைக்குப் பின்னால், கடைவாய்ப் பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்கு நேர் கீழே, துல்லியச் செவி மன்றத்தின் தலைவர். அவர் பல் மருத்துவர். கூட்டம் நடந்ததும் அவருடைய மருத்துவமனையின் காத்திருப்பு அறையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பல் வலிக்கு விடுமுறை. அவருக்கு வலப்பக்கம் செயலாளர், காப்பீட்டு முகவர். அவர் முன்னால் தீர்மானப் புத்தகம். மின்விசிறிக் காற்றில் தாள் புரளாமல் இருக்க அதன்மேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. ஜன்னலோரம், இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு, 'தங்கச்செவி' என்று எல்லோரும் அழைக்கும் ஒல்லியான மனிதர். முதல் வரிசையில் உறுப்பினர்கள் நாலு பேர், ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படாதபடி நாற்காலி விட்டு நாற்காலி. இரண்டாம் வரிசையில், மெத்தை போட்ட ஒரே நாற்காலியில், ஒரு கம்பி.

கம்பி என்றால் ஒலிக்கம்பி. கட்டைவிரல் தடிமன், பட்டுத் துணி உறை. தரையில் பட்டால் தரையின் அதிர்வு அதில் ஏறிவிடுமாம். சுருட்டி வைத்தால் அதற்கு மனம் சோர்ந்துவிடுமாம். அதனால் அதற்கு நாற்காலி.

நான் நின்றேன்.

நான் போன காரியம் சின்னது. தண்ணீர் வரி அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடைபெறும் நாளில் பாடச் சொல்லியிருந்தார்கள். ஒத்திகைக்காக வீட்டுக் கணினியில் ஒரு பாட்டைப் பாடிப் பதிந்தேன். வெளிச் சத்தம் விழக்கூடாது என்று ஜன்னலை அடைத்து, கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டுத்தான் பாடினேன். பாட்டு முடிந்த பிறகு அந்தப் பதிவில் இன்னொரு குரல் இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி ஏதோ சொல்கிறாள். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மழைக்காலத்தில்தான், சும்மா இருக்க முடியாமல் அந்தப் பதிவைப் போட்டபோது, அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது.

இருப்பது தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்பது தெரியவில்லை. என் கணினியில் ஹெட்போனைச் செருகினால் 'உய்' என்று ஓர் இரைச்சல். சுட்டியை நகர்த்தினால் அது 'கிரீச் கிரீச்' என்கிறது. அவள் குரல் அதற்கு அடியில், கொசுவலைக்குள் படுத்திருப்பவர் மாதிரி, உருவம் மட்டும் தெரிகிறது.

கணினி பழுது பார்ப்பவர் சொன்னார்: "பதிவுல கோளாறு இல்லீங்க. உங்க மெஷினோட செருகுதுளைலதான் கோளாறு. வெளியே ஒரு டாக் வாங்கி மாட்டுங்க, தீர்ந்துடும்."

டாக் என்பது ஒரு பெட்டி. கணினிக்குள் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டைக் காதுக்குக் கேட்கும் சத்தமாக மாற்றித் தருவது. உள்ளங்கையில் அடங்குவதிலிருந்து இரண்டு ஆள் தூக்குவது வரை இருக்கிறதாம். மலிவானதாக ஒன்று வாங்கலாம் என்று இணையத்தில் தேடினேன். ஒரு பெட்டியைப் பற்றி ஒருவர் 'சொர்க்கம்' என்று எழுதியிருந்தார். அதே பெட்டிக்குக் கீழே இன்னொருவர் 'இதற்குப் பதில் காதில் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தார். நான் கோப்பு பார்த்து வளர்ந்தவன். இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாகக் குறிப்பெழுதினால் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த முறை.

மகள் தொலைபேசியில் சிரித்தாள். "ஏதோ ஒண்ணை ஆர்டர் பண்ணித் தொலைங்கப்பா. நீங்க டப்பா வாங்கப் போகல. பேச ஆள் தேடிப் போறீங்க."

"சும்மா இரும்மா. துல்லியச் செவி மன்றம்னு ஒண்ணு இருக்கு, டாக் வாங்க இலவச ஆலோசனைன்னு போர்டு போட்டிருக்கான்."

பதிவை அவளுக்கே அனுப்பிக் கேட்கச் சொல்லியிருக்கலாம். அனுப்பவில்லை. அது என்னிடம் சொன்னது.

முதல் கூட்டத்தில் என் விஷயத்தை எழுந்து நின்று, அதாவது நின்றபடியே, சொன்னேன். மலிவாக ஒரு டாக் வேண்டும் என்றேன். முதல் வரிசை நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த வார்த்தை இங்க வேண்டாமே," என்றார் செயலாளர். "தொடக்கநிலைன்னு சொல்லுங்க."

"தொடக்கநிலையா ஒண்ணு வேணுங்க. பாட்டு கேக்கறதுக்கு."

இப்போது கம்பிகூடத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா புதுசு. அதனால தப்பா எடுத்துக்கல. இந்த மன்றத்துல பாட்டு கேக்கறதை நாங்க நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல கேட்டோம்தான், மறைக்கல. அப்ப நமக்கு அறிவு பத்தல. பாட்டு போட்டா என்ன ஆகுது? மனசு பாட்டுக்குப் போயிடுது. அப்புறம் பெட்டியை யார் கவனிக்கிறது? ஒரு நாள் ஒரு உறுப்பினர் கேட்டுக்கிட்டே அழுதுட்டார். மூக்கை உறிஞ்சற சத்தத்துல ஒரு மாச அளவீடு பாழாப் போச்சு. அன்னைக்கே தீர்மானம் போட்டோம்: இனிமே இங்க பாட்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். அதுக்கப்புறம்தான் மன்றம் வளர்ந்தது."

"எத்தனை பேர் இருந்தாங்க முன்னால?" என்று கேட்டேன்.

"நாப்பது பேர். இப்ப ஏழு பேர். ஆனா ஏழும் வைரம்."

பாட்டு இல்லாமல் எதைக் கேட்பார்கள் என்று எனக்குள் இருந்த சந்தேகம் உடனே தீர்ந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள். தீர்மானத்துக்கு மின்விசிறி ஓடும்; கேட்புக்கு நிற்கும். ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்கள். கம்பியைத் தங்கச்செவி பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரு கையிலும் தூக்கி மாட்டினார். செயலாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். எனக்கும் ஒரு பழைய ஹெட்போன் கொடுத்திருந்தார்கள். அதில், ஒரு கரண்டி தரையில் விழுந்தது.

அவ்வளவுதான். மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் விழுந்தது.

"எவர்சில்வர்," என்றார் முதல் உறுப்பினர்.

"காம்புல ஒரு நெளிவு இருக்கு," என்றார் இரண்டாமவர்.

"இடது கையிலேர்ந்து விழுது," என்றார் மூன்றாமவர்.

நாலாமவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தரையைப் பெருக்கல," என்றார்.

எல்லோரும் தங்கச்செவியைப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் திறக்காமல் மெல்லச் சொன்னார்: "கழுவின கரண்டி. ஆனா துடைக்கல."

அறையில் ஒரு பெருமூச்சு பரவியது. செயலாளர் கறுப்புப் பெட்டியை நகர்த்திவிட்டு அதை எழுதிக்கொண்டார்.

என் மனு துணைக்குழுவுக்குப் போயிற்று. துணைக்குழு என்பதும் அதே ஏழு பேர்தான்; நாற்காலியை மட்டும் வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். கம்பி வட்டத்துக்கு நடுவே. எந்தப் பெட்டி என்று சொல்வதற்கு முன்னால் எந்தக் காதுக்கு என்று தெரிய வேண்டாமா? ஆகவே, எனக்குக் காது தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். அதற்கு அடுத்த கூட்டம்.

தலைவர் என்னைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து விளக்கைப் போட்டார். "வாயைத் திறங்க."

"காதுக்குங்களே..."

"எனக்குத் தெரிஞ்ச வழிலதானே நான் போகணும். திறங்க." பார்த்தார். "கடைவாய்ல அடைச்சிருக்கீங்க. உச்சஸ்தாயி உங்களுக்குக் கொஞ்சம் இருட்டாத்தான் கேக்கும். ராத்திரி ஆள் துணை உண்டா வீட்ல?"

"இல்லீங்க. தனியாத்தான்."

"நல்லது. தனியா இருக்கறவங்க காது சுத்தமா இருக்கும். பேச்சு படறதில்ல பாருங்க." அதைச் சான்றிதழிலும் எழுதினார்: 'காது பெரும்பாலும் உபயோகப்படுத்தப்படாதது. நல்ல நிலையில் உள்ளது.'

பிறகு கரண்டியைப் போட்டார்கள். என்ன கேட்டது என்றார் செயலாளர்.

"கரண்டி விழுந்ததுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"கரண்டி... கீழ விழுந்தது."

அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "கரண்டி விழலைங்க. விழ வைக்கப்பட்டது. பரவால்ல, தொடக்கநிலைன்னு போட்டுடறேன்."

அன்றுதான் மாதிரிப் பதிவு கேட்டார்கள். வீட்டில் எதைக் கேட்கப் போகிறேனோ அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். பாட்டாயிற்றே என்றேன். அளவீட்டுக்காகச் சிறப்பு அனுமதி உண்டு என்றார்கள். அவர்களிடம் இருந்தது இரண்டு ஆள் தூக்கும் பெட்டி. அதில் போட்டால் அவள் என்ன சொன்னாள் என்பது அன்றே தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு, பதிவைப் பென் டிரைவில் ஏற்றி, அதை ஓர் உறையில் போட்டு, உறைமேல் 'பதிவு' என்று எழுதி, சட்டைப் பைக்குள் வைத்து, பைமேல் கையை வைத்துக்கொண்டே போனேன்.

மின்விசிறி நின்றது. ஹெட்போனை மாட்டினேன். இரைச்சலே இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல ஓர் அமைதி. அதற்குள் என் குரல் புறப்பட்டது. நான் இவ்வளவு மோசமாகவா பாடியிருக்கிறேன் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. வீட்டில் அவள் சொல்வாள், "குக்கர் விசில்கூட உங்களைவிட ஸ்ருதியா வருது" என்று. இரண்டாம் சரணம் போயிற்று. கடைசி அடி வந்தது. முடிந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

செயலாளர் நிறுத்தினார்.

"ஐயா! ஐயா, இன்னும் பத்து நொடி இருக்கு!"

"பாட்டு முடிஞ்சுதே."

"அதுக்கப்புறம்தான் வேணும்."

"பாட்டுக்குத்தான் சிறப்பு அனுமதி. பாட்டு முடிஞ்சா அனுமதியும் முடிஞ்சுது. நான் என்ன, என் இஷ்டத்துக்கா செய்யறேன்? விதி."

தலைவர் கையமர்த்தினார். "அவர் ஆதங்கம் புரியுது. கடைசில ஏதோ அசுத்தம் இருக்கு, அதானே? கேட்புக்கு முன்னாலயே முழுசா ஓட்டி மீட்டர்ல பார்த்தேன். பின்னாடி யாரோ பேசற மாதிரி முள்ளு எகிறுது. கவலைப்படாதீங்க, அதை எடுத்துடுவோம்."

"எடுத்துடாதீங்க!"

"காசு கிடையாதுங்க. மன்றத்தோட சேவை."

அடுத்த கூட்டத்தில் எனக்கு ஒரு சின்னப் பெட்டகம் வழங்கப்பட்டது. அதற்குள் சுத்திகரிக்கப்பட்ட என் பதிவு. நாலு பேரும் கைதட்டினார்கள், கம்பிக்கு அதிர்வு படாத அளவுக்கு மெல்ல. பாட்டு இருந்தது. பாட்டுக்குப் பின்னால் பத்து நொடி வெறுமை இருந்தது. துடைத்து வைத்த தட்டு மாதிரி. அசலின் மூன்று பிரதிகள் வீட்டில் இருந்ததால் நான் விழுந்துவிடாமல் நின்றேன். நிற்பதுதான் எனக்குப் பழகிவிட்டதே.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம். தங்கச்செவி. ஒரு காதுப் பஞ்சை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"அந்தப் பாட்டு... நீங்க இப்பவும் பாடுவீங்களா?"

"நல்லா இருக்காதுங்க. நீங்கதான் கேட்டீங்களே."

"நல்லா இல்லதான்," என்றார் உடனே. பொய் சொல்லத் தெரியாத காது. கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "அன்னைக்கு அழுதது நான்தான். தலைவர் பேர் சொல்லமாட்டார், பெருந்தன்மை. மூணு வருஷமா கரண்டிதான் கேக்கறேன். வீட்லயும் அதான் இருக்கு."

"வீட்ல யாரும்...?"

"காது கெட்டுடும்னு டெலிபோன்கூட வைக்கல," என்று சொல்லிவிட்டுப் பஞ்சை மறுபடி வைத்துக்கொண்டார். அவர் முதலில் கேட்டதற்கு அப்போதுதான் நான் சொன்ன பதில் அவருக்கு எட்டியிருக்காது. பெரிய பதிலும் இல்லை.

இறுதித் தீர்மானம் வந்தது. செயலாளர் எழுந்து நின்று படித்தார். மனுதாரரின் காதுக்கும் பதிவுக்கும் வீட்டுக்கும் பொருத்தமான தொடக்கநிலைப் பெட்டி உலகில் இதுவரை செய்யப்படவில்லை. செய்யப்படும் வரை அவர் எதையும் கேட்காமலிருப்பது அவர் காதுக்கு நல்லது. மன்றம் அவருக்கு வாழ்த்துத் தெரிவிக்கிறது.

படித்து முடித்து, பக்கத்தைத் திருப்புவதற்காக அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கினார். ஒரு கணம் அதன் முதுகு என் பக்கம் திரும்பியது. ஒரு துளை கணினிக்கு. ஒரு துளை ஹெட்போனுக்கு.

"அது என்னங்க?"

"எது? இதுவா? பேப்பர் வெயிட்."

"அதுக்கு முன்னால?"

செயலாளர் பெட்டியை அவசரமாகப் புத்தகத்தின்மேல் திரும்ப வைத்தார். தலைவர்தான் கடைசியில், குடும்பத்தில் ஓடிப்போனவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்: "அது நம்ம முதல் பெட்டி. அப்ப எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினது. அதைப் பத்தி இங்க பேசறதில்ல."

"வேலை செய்யுமாங்க?"

"பேப்பர் பறந்து நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றார் செயலாளர், ரோஷத்தோடு.

நான் வீட்டுக்குப் போய் மனு எழுதினேன். முப்பது வருஷம் எழுதிய கை. பொருள்: வீட்டில் தாள்கள் பறத்தல் தொடர்பாக. மன்றத்தின் உபயோகத்தில் உள்ள தாள் தாங்கி ஒன்றை இரவலாக வேண்டுதல். டாக் என்ற சொல் மனுவில் எங்குமே இல்லை.

அடுத்த ஞாயிறு விவாதம் நடந்தது.

"வீட்ல எத்தனை ஜன்னல்?" என்றார் செயலாளர்.

"மூணு."

"திறந்து வைப்பீங்களா?"

"ரெண்டு வருஷமா திறக்கலீங்க."

"அப்ப காத்து ஏது? காத்து இல்லாம எப்படிப் பறக்கும்?"

நியாயமான கேள்வி. அறையைச் சுற்றிப் பார்த்தேன். தங்கச்செவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே திறக்கலாம்னு இருக்கேன்," என்றேன்.

தலைவர் யோசித்தார். எழுதுபொருள் என்ற இனத்தில் கொடுக்கலாம், சாதனம் என்ற இனத்தில் கூடாது என்று முடிவாயிற்று. அது இல்லாமல் தீர்மானப் புத்தகத்தின் தாள்கள் படபடத்தன. தங்கச்செவி எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துவந்து அதன்மேல் வைத்தார். காம்பில் ஒரு நெளிவு இருந்தது.

அன்று மத்தியானமே மாட்டினேன். பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. இத்தனை வருஷம் காகிதத்தின்மேல் உட்கார்ந்திருந்ததற்கு அது என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. 'உய்' இல்லை. சுட்டியை நகர்த்தினேன், கிரீச் இல்லை. முதலிலிருந்தே போட்டேன். என் பாட்டு முழுவதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசி அடி. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு பாத்திரத்தை வைக்கும் சத்தம். பிறகு அவள்.

"முடிஞ்சுதா? கதவைச் சாத்திக்கிட்டு யாருக்குப் பாடறீங்க? அடுப்பை அணைச்சுட்டு நின்னுக்கிட்டிருக்கேன், ஒரு எழவும் கேக்கல. திறந்து வச்சு இன்னொரு தரம் பாடுங்க."

பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அது நான் நிறுத்தியது.

கதவைத் திறந்தேனா, இன்னொரு தரம் பாடினேனா என்பது பதிவில் இல்லை. எனக்கும் ஞாபகம் இல்லை. எத்தனை முறை போட்டுக் கேட்டாலும் அந்த 'டக்'கோடு நிற்கிறது.

மகள் வழக்கம் போல மாலையில் பேசினாள். "என்னப்பா, ஒருவழியா வாங்கிட்டீங்களா?"

"பேப்பர் வெயிட் ஒண்ணு கிடைச்சுது."

"என்னது?"

"அடுத்த தரம் வரும்போது காட்டறேன். நீயும் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

"குரல் ஒரு மாதிரி இருக்கே. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடறேன்."

ஜன்னல்களைத் திறந்தேன். மூன்றில் ஒன்று தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டு வரவில்லை. எண்ணெய் விட வேண்டும். மற்ற இரண்டிலும் காற்று வந்தது. மேசைமேல் இருந்த தாள்கள் உண்மையாகவே பறந்தன. பொறுக்கி அடுக்கி, பெட்டியை எடுத்து மேலே வைத்தேன். மன்றத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இப்போது பொய்யில்லை. பிறகு அதன் அடியிலிருந்தே ஒரு தாளை உருவி எழுதினேன்.

'பெறுநர்: தங்கச்செவி அவர்கள். பொருள்: பாட்டு கேட்க அழைத்தல் தொடர்பாக. பார்வை: தாங்கள் படிக்கட்டில் கேட்ட கேள்வி.

ஐயா, வணக்கம். பார்வையில் கண்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் தங்கள் காதில் விழவில்லை என்பதால் எழுத்தில் தருகிறேன். இப்பவும் பாடுவேன். வரும் ஞாயிறு மன்றத்துக்குப் போகாமல் என் வீட்டுக்கு வரவும். இங்கே இரண்டு நாற்காலி உண்டு. இரண்டும் மனிதர்களுக்கு. கம்பி தரையில் கிடக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூக்கை உறிஞ்சத் தடை இல்லை. கதவு திறந்தே இருக்கும், தட்ட வேண்டியதில்லை. பஞ்சைக் கையோடு எடுத்துவந்தாலும் சரி, வாசலிலேயே போட்டுவிட்டாலும் சரி.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, நின்றுகொண்டிருந்தவன்.'

ஒரு தரம் படித்தேன். 'பொருட்படுத்த'வில் ஒற்று சரியாக இருந்தது. மடித்து உறையில் போட்டு, முன்பக்கம் மன்றத்தில் குறித்துக்கொண்டு வந்த அவர் வீட்டு முகவரியும் பின்பக்கம் என்னுடையதும் எழுதி, தபால்தலை ஒட்டி, நாக்கால் பசையை நனைத்து, விரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தாமல், தெருமுனைக்குப் போய்த் தபால் பெட்டிக்குள் போட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்டது. விழவில்லை, விழ வைக்கப்பட்டது.